கொழும்போ லண்டனோ என்று கேட்டபோது

என் மகளைச் சின்ன வயதிலேயே அயலில் அப்புக்காத்து என்றுதான் கூப்பிடுவார்கள். நீதிமன்றத்தில் ஏறி வழக்குப் பேசுகிற ஆளுக்கு எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்துப் பெயர் அது. சீனி வாங்கப் போனால் கடைக்காரரோடு ஒரு நியாயம், பிழை செய்யாமல் அடி வாங்கினால் வாத்தியாரோடு ஒரு நியாயம். ஒருமுறை பக்கத்து வளவு மனிசர் எங்கள் வேலிப் பூவரசில் குழை வெட்டினார். இவள் போய், கட்டின முடிச்சு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது பாருங்கள், அப்ப இது ஆருடைய வேலி என்று கேட்டாள். அப்போது அவளுக்கு முன்பல்லு இரண்டும் விழுந்து முளைக்கவில்லை.

அந்த மனிசர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "தாய்க்கும் சேத்து உவள்தான் கதைக்கிறாள்" என்றார்.

அது சரியான கதைதான். நான் கதைக்கிற ஆள் இல்லை. யாரும் வீட்டுக்கு வந்தால் கதவு நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பேன். அவர்கள் சொல்லச் சொல்ல ஓம் என்பேன், ஆம் என்பதற்கு எங்கள் சொல் அது. நீங்கள் சொல்வது காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள் என்பதற்கு ஒரு ஓம். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் உள்ள பழக்கம் இது. மற்றவர்களுக்கு அந்த ஓமுக்குப் பிறகு ஏதாவது சொல் வரும். எனக்கு வராது.

இவளின் தகப்பன் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இவள் ஏழாம் வகுப்புப் படிக்கிறபோது நெஞ்சுவருத்தத்தில் போய்விட்டார். பிறகு சண்டிலிப்பாய் வீட்டில் நானும் இவளும்தான். வீட்டுக்குப் பின்னாலிருந்த தோட்டத் தறையில் கத்தரியும் வெங்காயமும் வைத்தோம். நான் தண்ணீர் கட்டுவேன், அவள் வரம்பில் இருந்து புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பாள். படித்ததை எனக்குச் சொல்லி, அதை மறுத்தும் அவளே சொல்லுவாள். நான் ஓம், ஓம் என்றுகொண்டு மண்வெட்டியால் வாய்க்கால் திருப்புவேன். அந்த வீட்டில் சத்தத்துக்குக் குறைவு இருந்ததில்லை.

இந்திய ஆமி நின்ற காலத்தில் அவளுக்குக் கம்பஸுக்கு எடுபட்டது. கொழும்பில் சட்டம். யாழ்ப்பாணத்தில் அப்போது சட்டம் படிக்க இடமில்லை. இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. கொழும்பில் கிடைத்தும் எப்போது தொடங்கும் என்று யாருக்கும் தெரியாது. தெற்கில் சிங்கள ஆட்களுக்குள்ளேயே பெரிய குழப்பம், கம்பஸுகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன.

அதே நேரத்தில் லண்டனிலிருந்தும் ஒரு பதில் வந்தது. என் புருஷனின் தம்பி அங்கே நெடுங்காலம் இருக்கிறார். இவள் எழுதின சோதினையின் முடிவை எடுப்பித்து, அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கு இடம் கேட்டிருந்தார். இடம் தருகிறோம், இந்த ஆவணிக்குள் ஓமா இல்லையா என்று அறிவியுங்கள் என்று எழுதியிருந்தார்கள். செலவைத் தான் பார்ப்பதாகச் சித்தப்பாக்காரர் சொன்னார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

மகள் எது நல்லது என்று நினைக்கிறாள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காலையில் கொழும்புக்காகப் பேசுவாள், விளக்கு வைக்கும்போது லண்டனுக்காகப் பேசுவாள். இரண்டு பக்கத்துக்கும் அவளே அப்புக்காத்து. நான் நடுவில் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பேன்.

எனக்கு விளங்கியது ஒன்றுதான். லண்டனுக்குப் போன பிள்ளைகள் திரும்பி வருவதில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி எத்தனை வீடு இருக்கிறது. கலியாணத்துக்குப் படம் வரும், பிள்ளை பிறந்தால் படம் வரும், ஆள் வராது. கொழும்பென்றால் லீவு விட்டால் கோச்சியில் ஏறி வரலாம். எங்கள் ஊரில் ரெயிலைக் கோச்சி என்போம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்கும்போது தாய் தன் தனிமையைச் சொல்வதா என்று வெட்கமாக இருந்தது.

முதலில் என் அண்ணை வந்தார், உடுவிலிலிருந்து சைக்கிளில். அவர் கொழும்பில் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அடிபட்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினவர். அப்படிப்பட்டவரே இவளைக் கொழும்புக்கு அனுப்பு என்றார். "நான் பேந்து திரும்பிப்போய் வேலை செய்து பென்சன் எடுக்கேல்லையோ?" என்று கேட்டார். இந்த நாட்டில் வழக்குப் பேச வேண்டும் என்றால் இந்த நாட்டில்தான் படிக்க வேண்டும் என்றார். கொழும்பு வெள்ளவத்தையில் தெரிந்த வீடொன்று இருக்கிறது, அறை எடுக்கலாம் என்றார். தேத்தண்ணி இரண்டு முறை குடித்தார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்றுகொண்டிருந்தேன்.

பிறகு லண்டன்காரர் ரெலிபோன் எடுப்பதாகச் சொல்லி எழுதினார். மானிப்பாயில் ஒரு கடையில் ரெலிபோன் இருந்தது. சொன்ன நாளில் நானும் மகளும் போய் வாங்குப் பலகையில் குந்தியிருந்தோம். பின்னேரம்தான் மணி அடித்தது. முதலில் மகள் கதைத்தாள். "சித்தப்பா உங்களோடை கதைக்க வேணுமாம்" என்று என் கையில் தந்தாள். அந்தக் கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும் வாங்குவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அவருடைய சத்தம் வந்தது. அவர் ஒரு சொல்லுச் சொன்னால் அந்தச் சொல்லே பின்னால் இன்னொருமுறை வந்தது. இவள் இங்கே வந்தால் உயிருக்குப் பயமில்லை மச்சாள், என் பிள்ளை மாதிரிப் பார்ப்பேன் மச்சாள் என்றார். நான் ஓம், ஓம் என்றேன். என் ஓமும் எனக்கே திரும்பி வந்தது. கடைக்காரப் பெடிச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு அதிக நாள் போகவில்லை. அண்ணை சைக்கிளை வேலியில் சாத்தும்போதே சந்தோஷமாகச் சத்தம் வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளவத்தை அறையைப் பேசி முடித்துவிட்டாராம். அவர் சொல்லி வாய் மூட முன்னம் மகள் உள்ளேயிருந்து லண்டன் கடிதத்தோடு வந்தாள். அன்று காலைதான் வந்தது. மச்சாள் ஓம் என்று சொல்லிவிட்டா, ஆனபடியால் அந்த இடத்தை எடுக்கிறோம் என்று அறிவித்துவிட்டேன் என்று அதில் சித்தப்பாக்காரர் எழுதியிருந்தார்.

அண்ணை என்னைப் பார்த்தார். மகளும் பார்த்தாள். என்னைச் சுற்றி வேறு யாரும் இல்லை.

"தங்கச்சி, நீ என்னட்டையும் ஓம் எண்டனி தானே?"

"ஓம்" என்றேன்.

"அவனட்டையும் ஓம் எண்டிருக்கிறாய்."

"ஓம்."

"பாத்தியே, இப்பவும் ஓம் எண்டுறாள்" என்று அவர் மருமகளிடம் முறையிட்டார். "உவளின்ரை ஓமை நம்பி நான் அந்த அறைக்கார மனிசிக்கு வாக்குக் குடுத்திட்டன்."

மகள் கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு இருந்தாள். முகத்தைப் பெரிய ஆள் மாதிரி வைத்துக்கொண்டாள். "அம்மா, மாமாவுக்குச் சொன்னது கேக்கிறன் எண்ட ஓமோ, சரி எண்ட ஓமோ?"

"கேக்கிறன் எண்ட ஓம்."

"சித்தப்பாவுக்கு?"

"அதுவும் அதுதான்."

"அப்ப சரி எண்ட ஓமை நீங்கள் எப்ப சொல்லுறனீங்கள்?"

யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒன்றை நான் சொன்னதாக ஞாபகம் வரவில்லை. கலியாணம் பேசினபோதும் என்னைப் பெற்ற ஐயா சொல்லச் சொல்ல ஓம் என்றதுதான். மகள் சிரித்துவிட்டாள், எனக்கும் சிரிப்பு வந்தது. அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. தாயும் மகளுமாக அவரைப் பகிடி பண்ணுகிறோம் என்று கோபித்துக்கொண்டு, தேத்தண்ணி குடிக்காமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு பேருக்கும் ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று வந்துவிட்டது. ஆவணியும் முடியப் போகிறது. அடுத்தநாள் மத்தியானம் இரண்டு பேரும் கிணற்றடி நிழலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தோம். அவள் நெடுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அது புதினமாக இருந்தது.

"நான் ரெண்டு பக்கத்தையும் பேசிப் பாத்திட்டன்" என்றாள். "ரெண்டும் சமனாத்தான் நிக்குது. கொழும்பிலை எப்ப தொடங்குமெண்டு தெரியாது, திரும்ப அடிபிடி வருமோ தெரியாது. லண்டனிலை குளிர், சித்தப்பாவின்ரை காசு, ஆனா நிம்மதி. என்ன செய்ய வேணும் எண்டு உங்களைக் கேக்கேல்லை அம்மா. உங்களுக்கு எது விருப்பம் எண்டு கேக்கிறன்."

நான் இலையை உருவிக்கொண்டே இருந்தேன். ஈர்க்கும் கையோடு வந்தது. அவள் சுளகை என் மடியிலிருந்து எடுத்துத் தன் மற்றப் பக்கம் வைத்தாள். இனி கைக்கும் வேலையில்லை.

"கொழும்பு" என்றேன்.

"ஏன்?"

"கோச்சி ஓடுது. நீ வரலாம்."

சொன்ன பிறகு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பிள்ளை உயிருக்கு நிம்மதியான இடம் என்று சொன்னதைத் தள்ளிவிட்டு, என்னைப் பார்க்க வரலாம் என்பதைத் தூக்கி வைத்திருக்கிறேன். அவள் ஏதும் எதிர்த்துச் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் சுளகைத் திரும்ப என் மடியில் வைத்தாள்.

"சரி, கொழும்பு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், எனக்காக ஒரு நியாயத்தையும் உண்டாக்கினாள். "எங்கடை சீதனக் காணிக்கும் முதுசத்துக்கும் தேசவழமைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ. லண்டனிலை ஆர் எனக்கு அதைப் படிப்பிக்கிறது? அந்தத் துரைமாருக்கு எங்கடை வேலியைத் தெரியுமோ?"

சித்தப்பாக்காரருக்கு அவளே எழுதினாள். அவருக்குக் கவலைதான். கனகாலம் எனக்குக் கடிதம் போடவில்லை. அண்ணைக்குக் கோபம் போய்விட்டது. தன் சொல்தான் எடுபட்டது என்று உடுவில் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

கொழும்பில் கம்பஸ் திறந்தவுடன் அவள் போனாள். யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் ஏற்றிவிட்டேன். பெட்டியும், பருத்தித்துறை வடையும், மிளகாய்த்தூள் போத்தலும். யன்னலால் தலையை நீட்டி, கத்தரிக்குப் புழு விழுந்தால் என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு போனாள்.

அந்த முதல் லீவுக்கு வந்தாள். அது ஒன்றுதான் கோச்சியில் வந்த லீவு. அடுத்த ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. கோச்சி நின்றது. பிறகு றோட்டும் நின்றது, கறன்ரும் நின்றது, ரெலிபோனும் நின்றது. ஸ்ரேசன் பக்கம் போனவர்கள், தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டையையும் பங்கர் மூடக் கழற்றிக்கொண்டு போகிறார்கள் என்று வந்து சொன்னார்கள்.

தபால் கப்பலில்தான் வரும். மாதக் கணக்கில் வராமல் இருந்துவிட்டு ஒரே நாளில் எல்லாம் வரும். ஒருநாள் தபால்காரர் வேலிக்கு மேலால் இரண்டு கடிதம் நீட்டினார். ஒன்று மகளுடையது, மற்றது லண்டன்காரர் மனம் மாறி எழுதினது. இரண்டையும் அடுப்படியில் வைத்து முத்திரையில் குத்தியிருந்த திகதியைப் பார்த்தேன். லண்டனிலிருந்து வந்தது பிந்திப் போட்டது. இரண்டும் ஒரே கப்பலில் வந்திருந்தன. நான் கிட்ட என்று சொல்லிக் கேட்ட ஊர் லண்டனை விடத் தூரத்துக்குப் போய்விட்டது.

வீட்டில் சத்தம் இல்லை. ஆட்கள் இல்லாத வீடு என்று சொல்ல முடியாது, நான் இருந்தேன். ஆனால் நான் இருப்பது எனக்கே கேட்காது. ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரியைக் கொளுத்திவிட்டுச் சோற்றைத் தின்பேன். அவள் விட்டுப்போன பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்துப் பார்த்தேன். மறுத்துச் சொல்ல ஆளில்லாததால் ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை.

அண்ணை கிழமைக்கு ஒருக்கால் வருவார். றேடியோவுக்குப் பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால் டைனமோவில் றேடியோ பாடும். அவர் சுற்ற நான் காதை வைத்துக் கேட்பேன். கொழும்பில் குண்டு வெடித்தது, தமிழ்ப் பிள்ளைகளை அறைகளில் வந்து பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று வரும். வெள்ளவத்தை என்று ஒரு சொல் காதில் விழுந்தால், அண்ணைக்குக் கை ஓய்ந்து சுற்றுவது மெதுவாகும். சத்தமும் இழுபட்டு அடங்கிவிடும். மிச்சத்தை இரண்டு பேரும் கேட்க மாட்டோம். அவர் ஒருநாளும் அந்த முடிவைத் தான் சொன்னதென்று பிறகு சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கிளாலியால் கடலேரியை வள்ளத்தில் கடந்து போய் வரலாம் என்று ஆனபோது, மகள் ஒரு லீவுக்கு வந்தாள். அறிவித்தல் ஒன்றும் இல்லை. காலையில் முற்றம் கூட்டிக்கொண்டிருக்கிறேன், படலையில் ஒரு பெண் நிற்கிறாள். பாவாடை முழங்காலுக்கு மேல் நனைந்து உப்புப் பூத்திருந்தது. ஆரோ தேவைக்கு வந்த பிள்ளை என்று நினைத்து, ஆரைத் தேடுறியள் என்று கேட்கப் போனேன்.

மெலிந்துபோயிருந்தாள். வள்ளத்தில் எப்படி வந்தாள் என்று கேட்டதற்கு, வந்திட்டன் தானே என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். ஒன்றின் பின்னால் ஒன்றாக வள்ளங்களைக் கயிற்றில் கட்டி இழுத்தார்களாம். தூரத்தில் நேவிக்காரர் வெளிச்சம் அடித்தபோது எல்லாரையும் குனியச் சொன்னார்களாம். பக்கத்திலிருந்த மனிசி, கைப்பிள்ளை அழுதுவிடும் என்று அதன் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாளாம். இவள் அந்தப் பிள்ளைக்கு மூச்சு இருக்கிறதா என்று கரை வரும்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தாளாம். இதைச் சொல்லும்போது சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

நின்ற நாட்களில் எனக்குத் தண்ணீர் அள்ளித் தந்தாள், கத்தரிக்குப் பாத்தி கட்டினாள். ஒன்றுக்கும் நியாயம் கேட்கவில்லை. அயல் மனிசர் வந்து, "என்ன அப்புக்காத்து, வாயைக் கொழும்பிலை அடகு வைச்சிட்டியோ?" என்று பகிடி விட்டார். அதற்கும் சிரித்துவிட்டு விட்டாள்.

அவள் போக இருந்த கிழமையில், கடலேரியில் வள்ளத்தில் வந்த ஆட்கள் சூடுபட்டுச் செத்தார்கள் என்று கதை வந்தது. அவள் அதே வழியால்தான் போக வேண்டும். போகாமலும் இருக்க முடியாது, கடைசி வருசம். போவதற்கு முதல்நாள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல், சித்திரைக்கு வாறன் அம்மா, அப்போது வெங்காயம் கிண்டி எடுக்கலாம் என்றாள்.

"வராதை" என்றேன்.

அவள் கை நின்றது. "என்ன?"

"இனி லீவுக்கு வராதை. அங்கை இருந்து படி. முடிஞ்சாப் பிறகு பாப்பம்."

"நீங்கள்தானே அம்மா, வரலாம் எண்டு கொழும்பைச் சொன்னனீங்கள்."

"சொன்னனான். இப்ப இதைச் சொல்லுறன்."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் சத்தத்தைக் கேட்டு எனக்கே புதினமாக இருந்தது. நீங்கள் தனிய இருப்பீங்களே என்றாள். இருப்பன் என்றேன். வருத்தம் வந்தால் என்றாள். அண்ணை இருக்கிறார் என்றேன். அவள் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்ல, நெடுநேரம் போனது. அவளோடு நான் வாதாடினது அந்த ஒருமுறைதான். கடைசியில் அவளுக்குத்தான் சொல் முடிந்தது. மடித்த சட்டையை அவிழ்த்துத் திரும்பவும் மடித்தாள்.

அடுத்தநாள் அண்ணை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்ததை அறிவதற்கு எனக்கு ஒரு கப்பல் வரும் மட்டும் ஆனது.

சித்திரைக்கு வெங்காயத்தை நானும் கூலிக்கு வந்த ஒரு மனிசியுமாகக் கிண்டினோம். மகள் வரவில்லை. பிறகு வந்த லீவுகளுக்கும் வரவில்லை. படித்து முடித்தாள், அங்கேயே ஒரு பெரிய சட்டத்தரணியிடம் வேலை பழகினாள், ஒவ்வொன்றையும் கடிதத்தில் எழுதினாள். அவள் கறுப்புக் கோட்டுப் போட்டுச் சத்தியம் செய்த நாளில் நான் எங்கே இருந்தேன் என்று அவளுக்குத் தெரியாது. ஆமி வருகிறது என்று யாழ்ப்பாணம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த வருசம் அது. நான் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், அண்ணை குடும்பத்தோடு, பாயின் ஓரத்தில் இருந்தேன். அவளுக்கு என்னுடைய விலாசம் தெரியாது. எனக்கு அன்று அவளுக்கு அந்த நாள் என்று தெரியாது. மழை பெய்துகொண்டிருந்தது. கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீருக்கு நான் சட்டியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.